மூன்று வெட்டுப் போட்ட குச்சி

1826 ஆகஸ்ட் 14, திங்கள்

பெல்ஃபீல்ட் அம்மாளின் பண்ணையிலிருந்து குச்சிக் கட்டு வந்தது. முப்பத்தொரு குச்சி. ஒவ்வொன்றும் ஓர் ஆளுடைய பாதத்தின் நீளம். நவம்பருக்குள் முப்பத்தொரு ஜோடி ஷூ தைத்துக் கொடுக்க வேண்டும். அடிமைகளுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடிதான், அதற்கு ஆளை நேரில் பார்த்து அளவெடுப்பானேன்? குச்சி போதும். எது யாருடையது என்று தெரிய ஆளாளுக்கு வெட்டுப் போட்டு அனுப்புவார்கள்.

மூன்று வெட்டுப் போட்டது எங்கள் சில்வியுடையது. கட்டைப் பிரித்ததும் என் பெண்டாட்டி கெசியா அதைத்தான் தேடி எடுத்தாள். போன வருடத்துக் குச்சியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், அதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு நகக்கண் அளவு கூடியிருக்கிறது.

"வளந்துட்டா" என்றாள். மாதம் ஒரு ஞாயிறு ஒன்பது மைல் நடந்து போய் மகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். இருந்தாலும் இவளுக்குக் குச்சி சொன்னால்தான் நம்பிக்கை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் கெசியா சொன்னாள். பிப்ரவரியில் பிறக்குமாம்.

சந்தோஷப்பட்டேன். பொய் எழுதுவானேன், கால் மணி நேரம்தான் சந்தோஷப்பட்டேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் பயம் வந்துவிட்டது.

எழுதிப் பார்த்தால் எனக்குப் புத்தி தெளியும். நான் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பன், என் தாயும் சுதந்திரமானவள். கெசியா பெல்ஃபீல்ட் அம்மாளுக்கு உடைமையாக இருந்தவள். சில்வி பிறந்து ஒரு வருடம் கழித்து நான் கெசியாவை விலைக்கு வாங்கினேன். சில்வியைக் கொடுக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். கெசியாவின் விலைச் சீட்டு என் பெட்டியில் இருக்கிறது. சட்டப்படி நான் அவளுக்குப் புருஷன் இல்லை, எஜமான்.

விடுதலை எழுதிக் கொடுக்க ஒரு நாள் போதும். ஆனால் எழுதிக் கொடுத்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் அவள் வர்ஜீனியாவை விட்டே போக வேண்டும், போகாவிட்டால் பிடித்து ஏலம் போடுவார்கள். போனால் திரும்பி வர முடியாது, சில்வியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் ஆறு வருடமாக அந்தச் சீட்டு பெட்டியிலேயே கிடக்கிறது. நம் ஆட்களில் இப்படிப் பெண்டாட்டியைச் சீட்டோடு வைத்திருப்பவர்கள் இந்தத் தெருவிலேயே நான்கு பேர்.

ஆனால் பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும். அவள் சீட்டில் இருந்தால் பிள்ளையும் சீட்டில்தான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பண்ணைக்குப் போய் வந்தோம். சில்விக்கு இரண்டு முன்பற்களும் முளைத்துவிட்டன. கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதில் பெரிய பெருமை அவளுக்கு. கெசியா அவள் தலையைப் பின்னிக்கொண்டே வயிற்றில் தம்பியோ தங்கையோ இருக்கிறது என்றாள். "அதுவும் இங்க வந்து கோழி மேய்க்குமா?" என்று கேட்டாள் சில்வி. பின்னலை இழுத்துக் கட்டினாள் கெசியா. பிள்ளை "ஆ!" என்று கத்தினாள்.

திரும்பும்போது ஒன்பதாவது மைலில் கெசியா சொன்னாள்:

"ஒண்ண அந்தம்மாவோட கணக்குப் புஸ்தகத்துல எழுதிக் குடுத்துட்டேன். இன்னொண்ணு முடியாது, ஆப்னர். நீ கையெழுத்துப் போடு."

"போட்டா நீ போகணுமே. சில்விய விட்டுட்டா?"

"தெரியல. ஆனா இது உன்ன மாதிரி பொறக்கட்டும்."

செப்டம்பர் 21, வியாழன்

பெட்டஸ் வக்கீலைப் பார்த்தேன். அவருடைய பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றுபவன் நான்தான், அதனால் பின்வாசலில் நிற்க வைத்தாவது பேசுவார்.

வழி இருக்கிறதாம். விடுதலையானவள் அசாதாரணமான நற்செயல் செய்தவள் என்று கோர்ட் ஒப்புக்கொண்டால் ஊரிலேயே இருக்க அனுமதி தரலாம். வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சல் வந்து ஊரே படுத்தபோது கெசியா எத்தனை வெள்ளைக்கார வீடுகளில் வாந்தி அள்ளினாள்! அதெல்லாம் நற்செயல் இல்லாமல் வேறென்ன?

"அவசரப்படாதே. முதல்ல பேருங்களச் சேத்துக்கோ. ஜனவரி கோர்ட்டுல விடுதலைப் பத்திரத்தையும் மனுவையும் ஒண்ணா வெச்சிடலாம். இப்பவே பத்திரம் எழுதினா இன்னைக்கே பன்னெண்டு மாசம் ஓட ஆரம்பிச்சுடும்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. ஜனவரி பதினைந்து கோர்ட் நாள், குழந்தை பிப்ரவரியில். மூன்று வாரம் இடைவெளி இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது.

கெசியாவிடம் சொன்னேன். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

படகோட்டி லிட்டில்டன் வந்தான். அவனும் பெண்டாட்டியைச் சீட்டோடு வைத்திருப்பவன்தான். நெற்றியில் வீக்கம். கேட்டால் சொல்கிறான்: "ரூத் கரண்டியால அடிச்சுட்டா. சொத்து எஜமான அடிக்கிற ஊரு உலகத்துலேயே நம்ம ஊருதான்டா!"

நான் சிரித்தேன். கெசியா சிரிக்கவில்லை. அவன் போனபின் கேட்டாள்: "நீ நாளைக்கே செத்துட்டா நான் யாருக்குப் போவேன்?"

யோசித்துப் பார்த்தேன். என் தம்பிக்கு. அவன் குடிகாரன்.

அக்டோபர் 9

கையெழுத்து நான்கு. ரொட்டிக்கடை லானியர் துரை உடனே போட்டார். "என் பொண்ணு உயிரோட இருக்கான்னா அவளாலதான்" என்றார். நல்ல மனிதர்.

அக்டோபர் 26

ஒன்பது. ஒருவர் மனுவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு, "கறுப்பு ஜனங்க அதிகமாயிட்டீங்கய்யா இந்த ஊருல" என்று சொல்லிக்கொண்டே கீறினார். என் வீட்டு வேலியில் அவருடைய பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டியதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 8, புதன்

முப்பத்தொரு ஜோடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பண்ணையில் இறக்கினேன். முரட்டுத் தோல், மர அடி. அப்படித்தான் கேட்பார்கள். சில்வியின் ஜோடிக்குள் மட்டும் மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துத் தைத்திருக்கிறேன், வெளியே தெரியாது.

பெல்ஃபீல்ட் அம்மாளிடம் மனுவைக் கொடுத்தேன். வளர்த்த எஜமானியே கையெழுத்திட்டால் கோர்ட் மறுக்காது என்று வக்கீல் சொல்லியிருந்தார். கண்ணாடி போட்டுப் படித்தாள். கோபமே இல்லை, அன்பாகத்தான் கேட்டாள்.

"நீ கெசியாவ அடிக்கிறியா, ஆப்னர்?"

"இல்லைங்கம்மா."

"வயித்துக்குக் குறை வெக்கிறியா?"

"இல்லைங்கம்மா."

"அப்புறம் அவளுக்கு எதுக்கு விடுதலை? உன்ன மாதிரி நல்ல எஜமான் எங்க கெடைப்பான்?"

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தியை விட்டால் இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் சாலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்லி மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி ஒரு கூடை ஆப்பிளும் கொடுத்தாள்.

ஆப்பிளைக் கெசியா தொடவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

நாளை டிசம்பர் கோர்ட். கெசியா காலையிலிருந்து பிடித்த பிடி விடவில்லை.

"நாளைக்கே போடு. மனு கெடக்கட்டும். அனுமதி குடுத்தா இருக்கேன், குடுக்கலைன்னா போறேன். வயித்துல இருக்கிறது சுதந்திரமா பொறக்கும். அது போதும்."

"பதினொரு பேருதான் இருக்கு. இன்னும் மூணு பேரு வேணும்ன்றாரு வக்கீல். நாலு வாரம்தானே? வயிறு இன்னும் எறங்கவே இல்ல—"

"வயித்தப் பத்தி நீ சொல்றியா?"

"உன்ன அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்? அதையும் யோசி."

எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, பண்ணையில் நிற்பார்களே அப்படி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க எஜமான். நீங்க சொன்னா சரிதாங்க."

கையில் இருந்த தோலைத் தூக்கி எறிந்தேன். ஆறு வருடத்தில் ஒருநாளும் அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. லிட்டில்டன் சொன்னால் சிரிப்பு வருகிறது. இவள் சொன்னால்—

இவளுக்காகத்தானே செய்கிறேன்? இவள் இங்கேயே இருக்க வேண்டும் என்றுதானே?

டிசம்பர் 18

போகவில்லை.

1827 ஜனவரி 4

கையெழுத்து பதினான்கு ஆகிவிட்டது. இன்னும் பதினொரு நாள்.

ஜனவரி 11, வியாழன்

ஆண் குழந்தை. காலை பத்து மணிக்கு.

மூன்று வாரம் முன்னாலேயே. பனியில் வழுக்கி விழவில்லை, பாரம் தூக்கவில்லை, எதுவுமில்லை. வந்துவிட்டான். பிரசவம் பார்த்த ஹெஸ்டர் அக்கா, "என்னடா அவசரம் உனக்கு, நாலு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்கு விழுந்தது அடி.

சிறியவன்தான். ஆனால் குரல் பெரிது.

கெசியா அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

ஜனவரி 12

என் மகனுக்கு நான் எஜமான்.

ஜூலை நாலாம் தேதி வந்தால் இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டோம் என்று பீரங்கி வெடிக்கிறார்கள். ராஜாவும் போனான், அவன் கொடியும் போயிற்று. பிள்ளை தாயின் நிலையை அடையும் என்ற அவன் காலத்துச் சட்டம் மட்டும் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. டிசம்பரில் கையெழுத்துப் போட்டிருந்தால் இவன் என்னைப் போலப் பிறந்திருப்பான். இந்த மண்ணை விட்டுப் போ என்று எவனும் இவனிடம் சொல்ல முடியாது. இனி நான் எழுதிக் கொடுத்தாலும் இவன் விடுதலை செய்யப்பட்டவன்தான். சுதந்திரமாகப் பிறந்தவன் இல்லை.

நான்கு நாள். கெட்டிக்காரன் நான். பதறாத மனிதன்.

ஜனவரி 15, திங்கள்

பத்திரம் பதிவாயிற்று. கோர்ட் எழுத்தர் நான் சொல்லச் சொல்ல எழுதினார். எனக்கு உடைமையான கெசியா, வயது இருபத்தொன்பது, இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. எனக்கு உடைமையான ஆண் குழந்தை ஒன்று.

"வயசு?"

"நாலு நாள், துரை."

தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். "அடையாளம் ஏதாவது?"

"இன்னும் இல்லை, துரை."

"பேரு?"

பெயர் வைக்கவே இல்லை. கெசியா என்னோடு பேசவில்லையே, எப்படி வைப்பது? ஜாபெஸ் என்றேன். வேதத்தில் தாய் துக்கத்தோடு பெற்று அந்தப் பெயரை வைப்பாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். "சரி" என்றாள். ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மார்ச் 19, திங்கள்

மனுவை மறுத்துவிட்டார்கள். நாங்கள் மூன்று மணி நேரம் வெளியே நின்றோம், உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதிகளில் ஒருவர் சொன்னாராம், நோயாளியைப் பார்த்துக்கொள்வது அந்த ஆட்களின் வேலை, அதில் அசாதாரணம் என்ன இருக்கிறது என்று. பெட்டஸ் வக்கீல் கையை விரித்தார்.

லானியர் துரை எங்கள் வீட்டுக்கே வந்தார், கையில் ரொட்டி. "மன்னிச்சுக்கோம்மா" என்றார். கெசியா அவருக்கு நாற்காலி போட்டாள். வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 22

அடிமை வைக்கச் சட்டம் இடம் தராத ஓஹாயோவுக்கு அவள் போவது என்று முடிவாயிற்று. நானும் வருகிறேன் என்றேன். கடையை மூடிவிடலாம். ஓஹாயோவிலும் மனிதர்களுக்குக் கால் இருக்கும்.

"நீயும் வந்துட்டா சில்விக்கு யாரு?" என்றாள்.

சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமையாவது அவளுக்கு ஒரு மொகம் தெரியணும். நீ இரு."

பிறகு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு: "உன் மேல கோவம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போகல. ஆனா நீ எனக்குக் கெட்டது நெனைக்கலன்னு தெரியும்."

ஜூன் 3, ஞாயிறு

சில்வியை அவள் பார்க்கும் கடைசி நாள். ஜாபெஸைத் தூக்கிக்கொண்டு மூவரும் போனோம். சில்வி அவனை மடியில் வைத்துக்கொண்டு கோழிகளைப் பேர் பேராகக் காட்டினாள். 

கெசியா அவள் தலையைப் பின்னினாள். பின்னி முடித்தாள். பிரித்தாள். மறுபடி பின்னினாள். மூன்று தடவை.

"ஏம்மா பிரிச்சுப் பிரிச்சுப் பின்னுற?"

"கோணலாயிடுச்சு."

பிறகுதான் சொன்னாள். தூரத்து ஊருக்குப் போகிறேன், அப்பா வருவார், நான் வர முடியாது என்று. சில்வி அழுவாள் என்று நினைத்தேன். "உன்ன வித்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றாள் கெசியா. சில்விக்குப் புரியவில்லை. விற்காமல் ஒரு தாய் எதற்குப் போவாள்? அந்தப் பிள்ளை கண்டவரையில் அப்படி யாரும் போனதில்லையே.

ஜூன் 12, செவ்வாய்

அடிமை வைப்பதைப் பாவம் என்னும் குவேக்கர் சபைக் குடும்பங்கள் மூன்று ஓஹாயோவுக்குக் கிளம்பின. கெடு ஜனவரி வரை இருக்கிறது, ஆனால் கைக்குழந்தையோடு தனியாகப் போக முடியாது. அவர்கள் வண்டியில் போய்விட்டாள். மூட்டை ஒன்று, குழந்தை, விடுதலைப் பத்திரம், சில்வியின் போன வருடத்துக் குச்சி.

ஆற்றுத்துறை வரை கூடப் போனேன். கடைசியில் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் நூல் அறுத்த தழும்பைத் தடவினாள்.

ஜூன் 13

தோல் வெட்டினேன். தப்பாக வெட்டினேன்.

ஆகஸ்ட் 13, திங்கள்

குச்சிக் கட்டு வந்தது. இந்த வருடம் முப்பத்து மூன்று. மூன்று வெட்டுக் குச்சியை நானே தேடி எடுத்தேன். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய குச்சி இல்லை. அது ஓஹாயோவில் இருக்கிறது. பெரிதாகத்தான் தெரிந்தது. எவ்வளவு பெரிது என்று சொல்ல ஆள் இல்லை.

செப்டம்பர் 27, வியாழன்

ஓஹாயோவிலிருந்து சந்தைக்கு வந்த ஒரு குவேக்கர் கடைக்கு வந்து துணிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். கெசியா கொடுத்தனுப்பியது. அவளுக்கு எழுதத் தெரியாது, யாரிடமும் கேட்டு எழுதவும் இல்லை. பிரித்தால் ஒரு சிறு குச்சி, என் சுட்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரே ஒரு வெட்டு.

நல்லபடியாக இருக்கிறாள், ஒரு வீட்டில் துணி துவைக்கிறாள், குழந்தை தவழ்கிறான் என்றார் அவர். கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்?

செப்டம்பர் 30, ஞாயிறு

குச்சியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சில்வி அதை வாங்கித் தன் காலோடு வைத்துப் பார்த்தாள், பாதிக்கும் கொஞ்சம் மேலே வந்தது. சிரித்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"அங்க அவனுக்கு எஜமானி யாருப்பா?"

"யாரும் இல்ல."

"யாருமே இல்லையா?" அவள் முகம் வாடிப்போயிற்று. "அப்போ பனிக்காலத்துக்கு அவனுக்கு யாரு ஷூ குடுப்பா?"

"நான் குடுப்பேன். உனக்கும் நான்தானே?"

தலையை ஆட்டினாள். நான் ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்: "நீ தைப்பப்பா. குடுக்கிறது எஜமானியம்மாதான். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு அவங்கதான் குடுப்பாங்க. அவனுக்குக் குடுக்க ஆளே இல்லையே, பாவம்."

குச்சியைத் திரும்பத் துணியில் சுற்றினேன்.

கிளம்பும்போது சில்வி வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, தன் காலுக்கு அளந்து, பல்லாலேயே மூன்று வெட்டுப் போட்டுக் கொடுத்தாள், அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி. குவேக்கர் புதன்கிழமை திரும்பிப் போகிறார். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய கன்றுத்தோலை எடுத்து ஜாபெஸுடைய ஜோடியை வெட்டினேன். போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கால் வளர்ந்துவிடும். குச்சியைவிட ஒரு விரற்கடை கூட்டியே வெட்டியிருக்கிறேன்.